ஏரியை அளந்த பிள்ளைகளும் நம்முடைய குழுக்களும்

(நமது கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் 'குழுவாகச் செயல்படுதல்' என்ற தலைப்பில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை. வர முடியாத உறுப்பினர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



இந்தத் தலைப்பைக் கேட்டதுமே சிலர் கொட்டாவி விட்டதைப் பார்த்தேன். தப்பில்லை. இதே தலைப்பில் உங்களுக்கு எத்தனை பயிற்சி நடந்திருக்கும்! ஒரு குச்சியைக் கொடுத்து உடைக்கச் சொல்வோம், ஒரு கட்டுக் குச்சியைக் கொடுத்து உடைக்கச் சொல்வோம். நூல்கண்டை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு எறிந்து வலை பின்னச் சொல்வோம். எல்லோரும் சிரிப்போம், கை தட்டுவோம், டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போவோம். மறுநாள் குழுக் கூட்டத்தில் கணக்கு எழுதுவது அதே ஊக்குநர், பேங்குக்குப் போவது அதே ஊக்குநர், ஆபீசில் நிற்பதும் அதே ஊக்குநர். மற்றவர்கள் கையெழுத்து. குச்சிக் கட்டு என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

அதனால் இன்றைக்குக் குச்சி கொண்டு வரவில்லை. ஒரு குடம் மட்டும் கொண்டு வந்திருக்கிறேன். மேசை மேல் இருக்கிறது, பாருங்கள். அது எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன்.

நம் ஒன்றியத்தில் ஒரு அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் சேர்ந்து தங்கள் ஊர் ஏரியை ஆய்வு செய்தார்கள். மூன்று பெண் பிள்ளைகள், இரண்டு பையன்கள். பள்ளிக்கூடத்தின் பெயரும் பிள்ளைகளின் பெயரும் வேண்டாம். சின்னப் பிள்ளைகள், அவர்கள் செய்த ஒரு தப்பையும் நான் சொல்லப் போகிறேன். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஆரம்பித்து, மழைக்காலம் வரை வேலை நடந்தது. ஒரு பிள்ளையின் அம்மா நம் குழு உறுப்பினர். அவர் மூலமாகத்தான் எனக்குத் தெரிய வந்தது. பிறகு நானும் ஏழெட்டு தடவை போய்ப் பார்த்தேன்.

இந்த மாதிரி ஆய்வு நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புதிது இல்லை. தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு என்று ஒன்று 1993-ல் இருந்து நடக்கிறது. 10 வயதிலிருந்து 17 வயது வரை உள்ள பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, குழுவாகச் சேர்ந்து, ஆசிரியர் வழிகாட்டுதலோடு ஆராய்ந்து அறிக்கை கொடுப்பார்கள். தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பல வருடங்கள் இதை முன்னின்று நடத்தியது. இந்தப் பள்ளியின் அறிவியல் ஆசிரியை சிறுமியாக இருந்தபோது அப்படி ஒரு குழுவில் இருந்தவராம். கிணற்றுத் தண்ணீர் உப்பாவது பற்றி வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதினாராம். அந்த ருசி அவருக்கு விடவில்லை. கூடவே சமூக அறிவியல் ஆசிரியரையும் சேர்த்துக்கொண்டார். ஏரி என்றால் அதில் அறிவியலும் இருக்கிறது, வரலாறும் இருக்கிறது அல்லவா?

முதலில் மழை அளந்தார்கள். இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் தலையை வெட்டி, அதையே கவிழ்த்துப் புனல் மாதிரி வைத்தார்கள். பாட்டிலின் அடி மேடு பள்ளமாக இருக்கும். அதனால் கூழாங்கல் போட்டு, தண்ணீர் ஊற்றிச் சமன் செய்து, அங்கிருந்து ஒரு ஸ்கேலை ஒட்டினார்கள். அவ்வளவுதான் மழைமானி. ஆளுக்கு ஒன்று, அவரவர் வீட்டில். ஸ்கேலில் 1 மில்லிமீட்டர் ஏறினால், ஒரு சதுர மீட்டர் இடத்தில் 1 லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். 10 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு ஏக்கரில் 40 ஆயிரம் லிட்டர். "தூறிட்டுப் போச்சு" என்று நாம் சொல்கிறோமே, அந்தத் தூறலில் இவ்வளவு இருக்கிறது.

ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் ராத்திரி நல்ல மழை. காலையில் நாலு பேர் எழுதியது ஏறக்குறைய ஒன்று போல இருந்தது. ஒரு பெண் எழுதியது மட்டும் பாதிதான். "நீ தூங்கிட்டு இஷ்டத்துக்கு எழுதிட்டே" என்று மற்ற நாலு பேரும் பிடித்துக்கொண்டார்கள். அவள் அழுதுவிட்டாள். ஆசிரியை யாரையும் திட்டவில்லை. "வாங்க, அவ வீட்டுக்குப் போயிப் பாப்போம்" என்று ஐந்து பேரையும் கூட்டிப் போனார். போய்ப் பார்த்தால் பாட்டில் வேப்ப மரத்தடியில் இருக்கிறது. ஆடு முட்டிவிடக் கூடாது என்று அங்கே மறைத்து வைத்திருக்கிறாள். பாதி மழையை மரம் வாங்கிக்கொண்டது. அவள் எழுதிய எண் சரி, பாட்டில் இருந்த இடம்தான் தப்பு. அதற்குப் பிறகு அந்தக் குழுவில் ஒரு பழக்கம் வந்தது. எண் ஒத்துப்போகவில்லை என்றால் ஆளைப் பேசுவதில்லை, இடத்தைப் போய்ப் பார்ப்பது. நான் என் டைரியில் எழுதி வைத்துக்கொண்டேன். நம் குழுக்களில் ஐம்பது ரூபாய் குறைந்தால் முதலில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்தது ஏரியை அளப்பது. ஏரி காய்ந்து கிடந்த ஜூலை, ஆகஸ்டில் செய்ததால் பயமில்லை. தண்ணீர் இருக்கும்போது பிள்ளைகளை யாரும் இறக்காதீர்கள், அதை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஏரியின் தரை கலங்கலுக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கலங்கல் தெரியும் அல்லவா, ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிந்து போகிற இடம். சில ஊரில் கலிங்கு என்பார்கள். தண்ணீர் அதிகபட்சம் அந்த உயரம் வரைதான் நிற்கும். அதிலிருந்து தரை எவ்வளவு கீழேயோ அவ்வளவுதான் ஏரியின் ஆழம். இதை அளக்கப் பெரிய கருவி எதுவும் இல்லை. ஒரு பையனின் அப்பா கொத்தனார். வீடு கட்டும்போது மட்டம் பார்க்கத் தண்ணீர் டியூப் வைத்திருப்பார்களே, கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் டியூப், அதைக் கொண்டு வந்தான். 20 மீட்டர் நீளம்.

அதன் வேலை ரொம்ப எளிது. டியூபில் தண்ணீர் ஊற்றி இரண்டு முனையையும் இரண்டு பேர் தூக்கிப் பிடித்தால், இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து தரை இங்கே எவ்வளவு, அங்கே எவ்வளவு என்று டேப்பில் அளந்து, கழித்தால், அங்கே எவ்வளவு பள்ளம் என்று வந்துவிடும். கலங்கலில் ஆரம்பித்து 20 மீட்டர், பிறகு அங்கிருந்து இன்னொரு 20 மீட்டர் என்று நகர்ந்துகொண்டே போக வேண்டும்.

எளிது என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு முனையை நானே பிடித்துப் பார்த்தேன். டியூபுக்குள் ஒரு காற்றுக் குமிழி இருந்தால் மட்டம் தப்பு. அந்த முனையில் இருப்பவள் அலுத்துப்போய்க் கையைக் கொஞ்சம் இறக்கினால் அவள் பக்கம் தண்ணீர் கொட்டிவிடும், என் பக்கம் மட்டம் இறங்கிவிடும். நான் எவ்வளவு ஒழுங்காகப் பிடித்தாலும் பிரயோஜனம் இல்லை. இரண்டு முனைக்கு இரண்டு பேர், டேப்பைப் பார்த்துச் சொல்ல இரண்டு பேர், எழுத ஒருவர். ஐந்தில் ஒரு ஆள் குறைந்தாலும் வேலை திணறும். கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள், வகுப்பில் முதல் மதிப்பெண் அவள்தான், "நானே எல்லாத்தையும் முடிச்சிடறேன் டீச்சர்" என்று எதற்கும் முன்னால் வருகிறவள். இந்த டியூபிடம் அவள் பாச்சா பலிக்கவில்லை. 20 மீட்டர் தள்ளி இருக்கிற இன்னொரு முனையை அவளால் பிடிக்க முடியுமா?

இன்னொன்றும் கவனித்தேன். நகர்ந்து நகர்ந்து போவதால் ஒரு இடத்தில் தப்பாக எழுதினால் அதற்குப் பின்னால் வருகிற அத்தனையும் தப்பாகிவிடும். போன மாதக் கையிருப்பைத் தப்பாக எழுதினால் இந்த மாதமும் அடுத்த மாதமும் என்ன ஆகிறது? அதே கதைதான்.

மதகுக்கு முன்னால் உள்ள பகுதியில் மூன்று வரிசை, வரிசைக்குப் பத்து இடம் என்று முடிவு செய்தார்கள். முதல் இரண்டு வரிசை ஒழுங்காக முடிந்தது. மூன்றாவது வரிசையில்தான் வந்தது வினை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மூன்றாவது வரிசை அளவுகளை எழுதிக் கொண்டு வந்து காட்டினார்கள். ஆசிரியை பார்த்தார், வரைபடத் தாளில் குறிக்கச் சொன்னார். மறுநாள் குறிக்கும்போது, முன்பு வேப்ப மரத்தடிப் பாட்டிலுக்காக அழுதாளே, அந்தப் பெண் தலை குனிந்தபடியே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னாள்: "டீச்சர், இது நிஜம் இல்ல." ஒவ்வொரு இடத்துக்கும் சரியாக ஐந்து ஐந்து சென்டிமீட்டராகத் தரை இறங்கிக்கொண்டே போயிருந்தது. "ஏரித் தரை என்ன படிக்கட்டா டீச்சர்?" என்று கேட்டாள். எழுதியவர்களில் அவளும் ஒருத்திதான். அந்தச் சனிக்கிழமை அவர்கள் அளக்கவே இல்லை. கருவேல மர நிழலில் உட்கார்ந்து எண்களைப் போட்டிருக்கிறார்கள்.

ஏன் என்று விசாரித்தால், சோம்பல் இல்லை. ஐந்தாவது பையனுக்கு அப்பா இல்லை, அவனுடைய ஆயாதான் வளர்க்கிறார். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் சாயங்காலம் அவன்தான் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அன்றைக்கு அவனால் வர முடியவில்லை. அவன் வராதது ஆசிரியைக்குத் தெரிந்தால் குழுவிலிருந்து எடுத்துவிடுவாரோ என்று மற்ற நாலு பேருக்கும் பயம். நாலு பேராகத் தட்டுத் தடுமாறி அளந்தால் நேரம் ஆகும், "ஏன் இவ்வளவு லேட்டு" என்று கேட்பார், மாட்டிக்கொள்வான். அதனால் அவனைக் காப்பாற்ற வேண்டும் என்று எண்களைக் கற்பனையாகப் போட்டு, அளந்தவர்கள் பெயரில் அவன் பெயரையும் எழுதிவிட்டார்கள்.

சகோதரிகளே, இந்த இடத்தில் எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஏன் என்று சொல்கிறேன். இதுவரை நான் மேடையில் சொல்லாத விஷயம்.

நான் சமூகப் பணி படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்த முதல் வருடம். ஒரு குழு, பன்னிரண்டு பேர். அதில் ஐந்து பேர் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள். கூட்டம் சாயங்காலம் ஐந்து மணிக்கு. அவர்கள் வீட்டுக்கு வர ஏழரை ஆகும். மாதக்கணக்காக அவர்கள் கூட்டத்துக்கு வரவில்லை. தரம் பிரிக்க வரப்போகிறார்கள், வருகை குறைந்தால் மதிப்பெண் போய்விடும். "பாவம் மேடம், அவங்களும் நம்ம புள்ளைங்கதான்" என்று ஊக்குநர் அக்கா சொன்னார். நான் என்ன செய்தேன் தெரியுமா? நானே உட்கார்ந்து ஆறு மாதத் தீர்மானத்தையும் ஒரே ராத்திரியில் எழுதிக் கொடுத்தேன். வராதவர்கள் வீட்டுக்குப் போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார் அக்கா. குழுவுக்கு நல்ல தரம் கிடைத்தது. எனக்கும் பாராட்டு கிடைத்தது.

கடன் கேட்டுப் போனபோது பேங்கிலிருந்து வந்தவர் உறுப்பினர்களைத் தனித்தனியாகக் கேட்டார். உங்கள் குழுவில் சேமிப்பு எவ்வளவு? உள்கடன் யார் யாருக்கு? ஒருவருக்கும் தெரியவில்லை. கடன் இல்லை என்று போய்விட்டார். அதற்குப் பிறகுதான் பேச்சு கிளம்பியது. "எங்களுக்குத் தெரியாம என்ன பண்ணிட்டா?" என்று. அந்த அக்கா ஒரு பைசா எடுத்தவர் இல்லை. நானே மூன்று நாள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஆனால் நம்புவதற்கு யாரும் தயாராக இல்லை. நம்பும்படி அவர்களுக்கு நாங்கள் எதையும் காட்டியிருக்கவில்லையே. குழு உடைந்தது. அந்த அக்கா இன்றைக்கும் என்னைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

நாங்கள் அன்றைக்கு அதை ஒற்றுமை என்றுதான் நினைத்தோம். இந்தப் பிள்ளைகளும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள்.

அந்த ஆசிரியை என்ன செய்தார் என்று கேளுங்கள். நான் செய்யத் தெரியாமல் விட்டது அதுதான். பொய் எழுதிய தாளைக் கிழிக்கச் சொல்லவில்லை. மேலே ஒரு கோடு போட்டு, "அளக்கவில்லை" என்று எழுதி, ஐந்து பேரையும் கையெழுத்துப் போடச் சொன்னார். ஆட்டுக்காரப் பையனிடம், "உனக்கு எப்ப முடியும்?" என்று கேட்டார். "காலைல ஆறு மணிக்கு முடியும் டீச்சர், ஆடு அவுக்கறதுக்கு முன்னாடி." சரி, எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி என்று மாற்றினார். ஐந்து மணிக் கூட்டத்தை எட்டு மணிக்கு மாற்றலாம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்!

காலையில் போவதென்றதும் நம் உறுப்பினர் வீட்டில் பிரச்சினை. "பொம்பளப் புள்ள விடியறதுக்கு முன்னாடி ஏரிக்குள்ள போயி அளந்து இன்னா பண்ணப் போவுது? நீ ஒண்ணும் போவ வேணாம்" என்று மகளைத் தடுத்துவிட்டார். நியாயமான பயம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆசிரியை வீட்டுக்கு வந்து பேசினார். "நீங்களும் வாங்கக்கா" என்றார். வேண்டா வெறுப்பாக வந்தார். வந்தவர் டியூபின் ஒரு முனையைப் பிடித்தார். மூன்றாவது வாரம் எல்லோருக்கும் கூழும் வெங்காயமும் கொண்டு வந்தார். அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், சிரிக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

சரி, அந்த மூன்றாவது வரிசைக்கு வருகிறேன். ஆறாவது இடத்துக்குப் போகும்போது ஆட்டுக்காரப் பையன் சொன்னான்: "அங்க பாத்துப் போங்க, பள்ளம் இருக்கு. எங்க ஆடு ரெண்டு விழுந்துது." காட்டாமணக்குப் புதர் மூடிக் கிடந்த இடம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. எப்போதோ சவுடு மண் எடுத்த குழி. அளந்தார்கள். சுற்றியிருந்த தரையை விட 1 மீட்டர் 90 சென்டிமீட்டர் ஆழம். அதாவது ஆறடிக்கு மேல். பெண்கள் துணி துவைக்க இறங்குகிற படித்துறையிலிருந்து எட்டிப் போனால் முப்பது தப்படி இருக்கும். ஏரி நிரம்பிவிட்டால் மேலே சமமாகத் தண்ணீர்தான் தெரியும். இடுப்பளவு என்று நினைத்து ஒரு பிள்ளை போனால்?

நிழலில் உட்கார்ந்து எழுதிய தாளில் அந்த இடத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் என்று போட்டிருந்தது.

அக்டோபர் 2 கிராம சபைக்குப் பிள்ளைகள் வரைந்த படத்தை நம் குழுப் பெண்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். குழியை மூட வேண்டும் என்று மனு கொடுத்தார்கள். மூடுவது இன்னும் நடக்கவில்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் மழைக்கு முன்னால் குழியைச் சுற்றிச் சவுக்குக் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டியாயிற்று. ஊரில் எல்லோருக்கும் இப்போது அந்த இடம் தெரியும்.

வண்டல் கணக்கும் போட்டார்கள். ஏரியின் நடுப்பகுதியில் கலங்கல் மட்டத்திலிருந்து தரை ஒரு மீட்டர்தான் இருந்தது. ஊரில் நீர்கட்டியாக இருந்த பெரியவர் ஒருவர், "நடு ஏரியில யானை முங்கும்" என்று தன் அப்பா காலத்தைச் சொன்னார். யானை முங்கியதா என்று பிள்ளைகளால் நிரூபிக்க முடியவில்லை, அறிக்கையில் 'பெரியவர் சொன்னது' என்று தனியாக எழுதினார்கள். அளந்தது வேறு, கேட்டது வேறு என்று பிரித்து எழுதியது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஒரு கணக்கு நிச்சயம். ஒரு ஏக்கரில் ஒரு அடி வண்டல் சேர்ந்தால் 12 லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்க இடம் போய்விடும். நம் 15 லிட்டர் குடத்தில் 80 ஆயிரம் குடத்துக்கும் மேல். தமிழ்நாட்டில் 39 ஆயிரம் ஏரி, கண்மாய்களுக்கு மேல் இருக்கின்றன. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

வண்டலை முன்பு யார் எடுத்தார்கள் என்பது வரலாற்றுப் பாடம். குடிமராமத்து என்று வீட்டுக்கு ஒரு ஆள் போய் வேலை செய்த காலம் இருந்தது. அது தேய்ந்து போய், 1858-ல் வெள்ளைக்காரன் அதற்கு ஒரு கட்டாய வேலைச் சட்டமே போட்டான். 2017-ல் தமிழக அரசு குடிமராமத்து என்ற அதே பெயரில் மறுபடி ஒரு திட்டம் கொண்டு வந்தது. இதைப் பற்றிப் பேசினால் நேரம் போதாது.

சமூக அறிவியல் ஆசிரியர் பிள்ளைகளைப் பஸ்ஸில் உத்திரமேரூருக்குக் கூட்டிப் போனார். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிற கல்வெட்டைக் காட்டினார். முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921 ஆகிய இரண்டு வருடங்களில் வெட்டியது. ஆயிரத்து நூறு வருடம் ஆகிறது. ஊரை 30 குடும்பாகப் பிரித்து, தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். அப்படித் தேர்ந்தெடுத்தவர்களில் ஆறு பேர் ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்வதுதான் அவர்கள் வேலை. 360 நாள்தான் பதவி. மூன்று வருடத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்தில் போட மாட்டார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை, அவருடைய நெருங்கிய சொந்தக்காரர்களுக்கும் இல்லை.

கைதட்ட வேண்டாம், இருங்கள். அது நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமணர்களின் சபை. உங்கள் பெயரோ என் பெயரோ அந்தக் குடத்துக்குள் போயிருக்காது. ஒரு பெண் பிள்ளை அங்கேயே அதைக் கேட்டிருக்கிறாள்: "சார், ஏரியில வண்டல் வாருனவங்க பேரு எங்க எழுதியிருக்கு?" சார் பதில் சொல்லவில்லையாம். ஆனால் கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை, ஒருவரே தொடர்ந்து இருக்கக் கூடாது என்ற இரண்டு விதியையும் நாம் எடுத்துக்கொள்வதில் தப்பில்லை.

பிள்ளைகள் எடுத்துக்கொண்டது குடத்தை. பஸ்ஸில் திரும்பி வரும்போதே பேசி முடிவு செய்திருக்கிறார்கள். அறிக்கையை நடுவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். வழக்கமாக என்ன நடக்கும்? கெட்டிக்காரப் பெண் பேசுவாள், மற்ற நாலு பேர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இவர்கள் என்ன செய்தார்கள் என்றால், மழை, டியூப், வண்டல், பெரியவர்கள் சொன்னது, கல்வெட்டு என்று ஐந்து சீட்டு எழுதிக் குடத்தில் போட்டார்கள். அன்றைக்குக் காலையில்தான் குலுக்கல். யாருக்கு எது வருகிறதோ அதைச் சொல்ல வேண்டும். அதனால் ஐந்து பேரும் ஐந்தையும் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். ஒரு மாதம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். கழித்தல் கணக்கு வராத பையனுக்குக் கெட்டிக்காரப் பெண் சொல்லிக்கொடுத்தாள். ஏரிக்குள் எந்தப் புதர் எங்கே இருக்கிறது என்று அவளுக்கு அவன் சொல்லிக்கொடுத்தான்.

குலுக்கலில் ஆட்டுக்காரப் பையனுக்குக் கல்வெட்டு வந்தது. 'சம்வத்சர வாரியம்' என்ற சொல் அவன் வாயில் நுழையவில்லை. மூன்று தடவை தடுக்கிவிட்டு, "வருஷா வருஷம் மாறுற வாரியம்" என்று சொல்லிவிட்டான். நடுவர்கள் சிரித்தார்கள், ஆனால் தலையாட்டினார்கள். கெட்டிக்காரப் பெண்ணுக்குப் 'பெரியவர்கள் சொன்னது' வந்தது. எண்ணே இல்லாத பகுதி, அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இன்னொரு நடுவர், மூன்றாவது வரிசைத் தாளில் கோடு போட்டிருக்கிறதே, என்ன என்று கேட்டார். ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வேப்ப மரத்தடிப் பெண்தான் சொன்னாள். "அன்னிக்கு நாங்க அளக்கல சார். பொய் எழுதினோம். அப்புறம் அளந்தோம்." பரிசு கிடைத்ததா என்றால், மாவட்ட அளவோடு சரி. மேலே போகவில்லை.

இப்போது குடத்துக்கு வருகிறேன். இதில் நம் கூட்டமைப்பில் இருக்கிற எல்லாக் குழுக்களின் பெயரும் சீட்டில் இருக்கிறது. மாதம் ஒரு சீட்டு எடுப்போம். எந்தக் குழு வருகிறதோ அந்தக் குழுக் கூட்டத்துக்கு நானும் கூட்டமைப்பு நிர்வாகி ஒருவரும் வருவோம். சோதனை போட வரவில்லை, பயப்படாதீர்கள். உங்கள் குழுவில் நீங்களே உறுப்பினர் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, யார் பெயர் வருகிறதோ அவர் அந்த மாத வரவு செலவைச் சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் வாயால் சொன்னால் போதும். ஊக்குநரும் பிரதிநிதிகளும் அன்றைக்கு வாயைத் திறக்கக் கூடாது. அதற்கு முன்னால் அவர்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கூட்ட நேரம் யாருக்காவது ஒத்துவரவில்லை என்றால் இந்த மாதமே தீர்மானம் போட்டு மாற்றிவிடுங்கள். இரவு எட்டரை என்றாலும் நான் வருகிறேன். பஸ் இல்லாவிட்டால் யார் வீட்டிலாவது படுத்துக்கொள்கிறேன், சோறு மட்டும் போடுங்கள்.

பழைய தீர்மான நோட்டில் நடக்காத கூட்டம் எழுதியிருந்தால், கிழிக்க வேண்டாம். கோடு போட்டு, "நடக்கவில்லை" என்று எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். அதற்காக எந்தக் குழுவையும் கூட்டமைப்பு தண்டிக்காது. நிர்வாகக் குழுவில் போன வாரம் பேசி முடிவு செய்துவிட்டோம், தலைவி அக்கா இங்கேயே இருக்கிறார், வேண்டுமானால் கேட்டுக்கொள்ளுங்கள்.

சீட்டு எடுக்க அந்த வேப்ப மரத்தடிப் பெண்ணையே வரச் சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்து, கதவுப் பக்கம் பையோடு நின்றுகொண்டிருக்கிறாள். வாம்மா, மேலே வா. குடத்தை நன்றாகக் குலுக்கு.